அஞ்சு கரண்டி எடுத்துட்டு வா: வீட்டிலேயே தொடங்கும் கணக்கு

நான்கு வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். அதே குழந்தையிடம், "அஞ்சு கரண்டி எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். எண்களின் பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஐந்து என்பது எவ்வளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. அந்த வயதில் இது இயல்புதான், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைக் கடக்க வைப்பதுதான் சிறுவயதுக் கணக்கின் முதல் வேலை. அதற்குத் தேவையான எல்லாம் உங்கள் அடுப்படியிலும் கூடத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன.

மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்காக எழுதியது இது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் தாமாகவே கணக்கைக் கற்றுத் தந்துவிடாது. பொருளைக் கை தொட வேண்டும், தொட்டதை வாய் சொல்ல வேண்டும், சொன்னது கடைசியில் தாளில் எண்ணாக இறங்க வேண்டும். கை, வாய், தாள் என்ற இந்த வரிசையை உடனிருந்து கோத்துத் தருவது பெரியவர்களின் வேலை.

எண்ணுவதற்குள் இருக்கும் ஐந்து விதிகள்

ரோஷெல் கெல்மன், சார்ல்ஸ் கேலிஸ்டல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில், எண்ணுதல் என்ற ஒரே செயலுக்குள் ஐந்து விதிகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது.

பெரியவர்களுக்கு இவை சொல்லவே தேவையில்லாத விஷயங்கள். குழந்தையோ ஒவ்வொன்றாகத்தான் இவற்றைக் கண்டுபிடிக்கிறது. இவற்றில் மூன்றாவதில்தான் பெரும்பாலான குழந்தைகள் தேங்கி நிற்கிறார்கள். ஐந்து டம்ளரைத் தொட்டுத் தொட்டுச் சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "ஆக எத்தனை?" என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியில் சொன்ன 'அஞ்சு' அந்த ஐந்தாவது டம்ளரின் பெயர் என்றே அது நினைக்கிறது.

இதற்கு எளிய வழி உண்டு. எண்ணி முடித்ததும் எல்லாப் பொருளையும் சுற்றிக் கையை ஓட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆக மொத்தம் மூணு டம்ளர்" என்று சொல்லுங்கள். 'மூணு' என்று மட்டும் நிறுத்தாமல் 'மூணு டம்ளர்' என்று பொருளையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். பிறகு எண்ணச் சொல்வதை விட எடுத்துவரச் சொல்லுங்கள். "ரெண்டு வெங்காயம் கொடு", "மூணு தக்காளி எடு" என்று கேட்கும்போது, எங்கே நிறுத்துவது என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டும் மூன்றும் தவறாமல் வந்த பிறகு நாலுக்குப் போகலாம். பத்துக்கு ஓட அவசரமே இல்லை.

சாப்பிட உட்காரும் நேரம் இதற்கு மிகப் பொருத்தம். ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு டம்ளர். "நாம நாலு பேர். தாத்தாவும் ஆச்சியும் வர்றாங்க. இன்னும் எத்தனை தட்டு வேணும்?" என்று கேட்டால் அது கூட்டல். "அப்பா லேட்டாத்தான் வருவாங்களாம், ஒரு தட்டை எடுத்து வைச்சிரலாமா?" என்றால் அது கழித்தல். கூட்டல் குறியையோ கழித்தல் குறியையோ பார்ப்பதற்கு முன்பே இரண்டும் எதற்காக என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பார்த்த மாத்திரத்தில் தெரியும் எண்

மூன்று பொருள் கிடந்தால் யாரும் எண்ணுவதில்லை, பார்த்ததும் சொல்லிவிடுகிறோம். இந்தத் திறனைத் தீட்டினால் பின்னால் மனக்கணக்கு எளிதாகும். நான்கு குழியுள்ள இட்லித் தட்டு இதற்கு நல்ல கருவி. மூன்று குழியில் மாவு ஊற்றிவிட்டு "எத்தனை குழி காலி?" என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றும் சேர்ந்து நான்கு என்பதைக் கண்ணே படித்துக்கொள்ளும்.

அடுத்த படி, கடையில் முட்டை அடுக்கித் தரும் காகித அட்டை. முப்பது முட்டை பிடிக்கும் அந்த அட்டையிலிருந்து வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசையை வெட்டி எடுங்கள். பத்துக் குழி கிடைக்கும். அதில் ஏழு கொண்டைக்கடலை போட்டால், மேல் வரிசை முழுசு, கீழே இரண்டு, காலி மூன்று. ஏழு என்பது ஐந்தும் இரண்டும், பத்தாக இன்னும் மூன்று வேண்டும் என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்கும்போது, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்த்துப் பதின்மூன்று என்று சொல்லும் பிள்ளையின் மனத்தில் இப்படி ஒரு படம் இருக்கிறது. விரல் விட்டு எண்ணுகிறதே என்று திட்டாதீர்கள். விரல்களும் ஐந்து ஐந்தாக அமைந்த பத்துதான். எண்கள் மனத்தில் பதிந்ததும் விரல் தானாக ஓய்ந்துவிடும்.

ஈர்க்குச்சியில் பத்தும் நூறும்

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஆசிரியர்கள் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. இருபத்து மூன்று எழுதச் சொன்னால் பிள்ளை 203 என்று எழுதும். காதில் இருபது என்றும் மூன்று என்றும் கேட்கிறது, கேட்டபடி எழுதிவிடுகிறது. எண் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்கிறது என்பது மனித குலத்துக்கே நெடுங்காலம் கழித்துத்தான் புரிந்தது. ஆறு வயதுப் பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை.

தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து வையுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டுவதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், ஏனென்றால் பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாகும் அந்தக் கணம் அதன் கையிலேயே நடக்க வேண்டும். இரண்டு கட்டும் மூன்று குச்சியும் வைத்தால் இருபத்து மூன்று. அதன் கீழே ஒரு துண்டுத் தாளில் 23 என்று எழுதி, 2 கட்டுகளுக்கு நேராகவும் 3 தனிக் குச்சிகளுக்கு நேராகவும் வருமாறு வையுங்கள். இருபத்து மூன்றிலிருந்து ஏழை எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பள்ளியில் 'கடன் வாங்குதல்' என்று சொல்லித் தருவது இதைத்தான்.

மாரியா மாண்டிசோரி உருவாக்கிய மணிகள் இதே எண்ணத்தில் பிறந்தவை. ஒற்றை மணி ஒன்று, பத்து மணிகள் கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரங்கள் சேர்ந்த கனசதுரம் ஆயிரம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அந்த மணிகளை விலை கொடுத்து வாங்க முடியாத வீட்டில் ஈர்க்குச்சி அதே வேலையைச் செய்யும்.

வீட்டில் தமிழிலும் பள்ளியில் ஆங்கிலத்திலும் எண்ணும் பிள்ளைகள் இன்று ஏராளம். இரண்டையும் வளர்ப்பதில் தவறே இல்லை. பொருளைத் தொட்டு எண்ணும்போது இரண்டு மொழியிலும் ஒருமுறை எண்ணட்டும். பெயர் மாறினாலும் அளவு மாறாது என்பதை அது உணரும். "பத்தும் மூணும் பதிமூணு, பத்தும் நாலும் பதினாலு" என்று கட்டையும் குச்சியையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பதின்மங்கள் விரைவில் பிடிபடும். தொண்ணூறில் மட்டும் சற்று நின்று, ஒன்பது கட்டுகளை எண்ணிக் காட்டுங்கள். 'நூறு' என்று காதில் விழுவதால் அங்கே பிள்ளைகள் குழம்புவதுண்டு.

கூடத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரும் ஒரு பாடநூல்தான். கிழிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் ஏழு ஏழாகத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒரு கிழமையின் தேதியோடு ஏழு கூட்டினால் அடுத்த வாரம் அதே கிழமை வருவதை அதுவே கண்டுபிடிக்கும்.

அளப்பது எப்படி

ஒரே அளவுத் தண்ணீரை அகலமான கிண்ணத்திலிருந்து ஒடுக்கமான உயர டம்ளருக்கு மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்று நாலு வயதுப் பிள்ளை சாதிக்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார். வாதாடி மாற்ற முடியாத நம்பிக்கை இது. ஊற்றி ஊற்றிப் பார்த்துத்தான் மாறும். குளியலறையில் இரண்டு சொம்பும் ஒரு டம்ளரும் கொடுத்துவிட்டால் போதும். எத்தனை டம்ளர் ஊற்றினால் சொம்பு நிரம்பும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு ஊற்றிப் பார்க்கட்டும். ஊகித்துவிட்டு அளப்பதுதான் அளவைக் கணக்கின் உயிர்.

பரணில் பழைய படியும் உழக்கும் இருந்தால் இறக்கி வையுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் அடுத்ததில் சரிபாதி. அரிசியை அளந்து கொட்டினாலே பாதி, கால், அரைக்கால் மூன்றும் கைக்கு வந்துவிடும். அவை இல்லாத வீட்டில் டம்ளர் போதும். இட்லிக்கு ஊறப்போடும்போது நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்றால், எட்டு டம்ளர் அரிசிக்கு எத்தனை உளுந்து? ஏழு வயதுப் பிள்ளைக்கு விகிதம் என்ற சொல் தெரியாது. இந்தக் கேள்விக்கு விடை தெரியும்.

நீளத்துக்குச் சாணும் முழமும் இருக்கின்றன. அம்மா தன் கையால் மேசையை அளக்கட்டும், பிள்ளையும் தன் கையால் அளக்கட்டும். அம்மாவுக்கு ஏழு சாண், பிள்ளைக்குப் பதினொரு சாண் என்று வரும். மேசை ஒன்றுதானே, விடை ஏன் இரண்டு? கை பெரிதானால் எண் சிறிதாகும் என்று புரியும் அன்று, எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் ஏன் வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அதன் பிறகு ஸ்கேலைக் கையில் கொடுத்தால் அதிலுள்ள கோடுகளுக்குப் பொருள் இருக்கும்.

பாதி என்றால் சரிபாதி

தோசையைப் பிய்த்து அண்ணனுக்கும் தங்கைக்கும் கொடுத்தால், "அவனுக்குப் பெரிய பாதி" என்று சண்டை வரும். அந்தச் சண்டையைக் கணக்காக மாற்றலாம். பாதி என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், சமமில்லாவிட்டால் அவை வெறும் இரண்டு துண்டுகள். ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். பிரிக்கும் கை தானாகவே மிகக் கவனமாகிவிடும். சப்பாத்தியை நான்காக வெட்டும்போது, "கால் பாகம் ரெண்டு சேர்ந்தா என்ன?" என்று கேளுங்கள். எட்டாக வெட்டிய துண்டு, நான்காக வெட்டியதை விடச் சிறியது என்பதைப் பசியுள்ள பிள்ளை ஒருநாளும் மறக்காது. பின்னாளில் நான்கை விட எட்டு பெரியதாயிற்றே, எட்டில் ஒன்று மட்டும் எப்படிச் சிறியது என்று குழம்பாமல் இருக்க அந்த நினைவு உதவும்.

துவைத்த துணி மடிப்பதிலும் இது உண்டு. கைக்குட்டையை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, மறுமுறை நான்கு, மூன்றாம் முறை எட்டு. பழைய தாளை மடித்துப் பிரித்தால் மடிப்புக் கோடுகளிலேயே சதுரமும் முக்கோணமும் தெரியும். காகித மடிப்பைக் கணிதமாக வளர்த்தவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. சுந்தர ராவ். காகித மடிப்பால் வடிவியல் பயிலுவதற்கென அவர் எழுதிய ஆங்கில நூல் 1893இல் சென்னையில் அச்சானது. மழலையர் பள்ளியின் காகித மடிப்பு விளையாட்டே தமக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்று அவர் முன்னுரையில் சொன்னார். ஜெர்மன் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அந்த நூலைத் தம் எழுத்தில் குறிப்பிட, அது உலகெங்கும் பரவியது.

கோலமும் பூச்சரமும்

கோலம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளியிலிருந்து தொடங்கலாம். பிறகு 1, 3, 5, 3, 1 என்று ஏறி இறங்கும் கோலம். ஏறும்போது எத்தனை கூடுகிறது, இறங்கும்போது எத்தனை குறைகிறது, அடுத்த வரிசையில் எத்தனை வரும் என்று புள்ளி வைக்கும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு படி போகலாம். நேர்ப்புள்ளியில் ஐந்து வரிசைக்கு ஐந்து வைத்தால் 25 புள்ளி. இடைப்புள்ளியில் நடு வரிசையில் ஐந்து வைத்து, இரு பக்கமும் நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று இறக்கினாலும் 25 புள்ளிதான். எண்ணிப் பார்த்துவிட்டு, ஏன் இரண்டும் ஒன்றாகின்றன என்று பிள்ளையே யோசிக்கட்டும். இரண்டாவதைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அதிலும் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை இருப்பது தெரியும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலங்களை எடுத்து, கணினி அறிவியலோடு இணைத்து ஆராய்ந்தார். உயர்கணிதத்துக்கே வேலை கொடுத்த கலை தினமும் நம் வாசலில் இருக்கிறது. பெண் பிள்ளையோடு ஆண் பிள்ளையும் அதைக் கற்கட்டும்.

பூக் கட்டுவதும் அப்படித்தான். இரண்டு மல்லிகை, ஒரு கனகாம்பரம், மறுபடி இரண்டு மல்லிகை. அடுத்து என்ன வரும்? பத்தாவது பூ எது? வரிசையில் ஒழுங்கைக் கண்டுபிடித்து அடுத்ததை முன்கூட்டிச் சொல்வதே பின்னாளில் இயற்கணிதமாக வளர்கிறது.

விளையாட்டுகள்

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்று போட்டால் எழுபது காய். காயை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற முதல் விதி விரலில் ஊறுகிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்கிறோம். எந்தக் குழியில் மூன்று இருக்கிறது என்று பிள்ளையின் கண் எப்போதும் தேடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பழகியதும், இந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தொடங்கும். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாட்டி ஆடிய விதியே போதும்.

தாயக்கட்டையின் முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்று முகமும் இருக்கும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மூன்றும் மூன்றும் விழுந்தால் ஆறு. இரண்டையும் கூட்டிக் கூட்டியே பிள்ளைக்குச் சிறு கூட்டல்கள் மனப்பாடமாகிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கேள்வி கொடுங்கள். எந்த எண் அதிகம் விழுகிறது? ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே ஆடட்டும். நெடுநேரம் ஆடினால் மூன்று முந்தி நிற்கும் வாய்ப்பே அதிகம். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய பதினாறு வகைகளில் நான்கு வகை மூன்றைத் தருகின்றன. பன்னிரண்டுக்கு ஒரே வகை, ஆறுக்கும் ஒரே வகை. பன்னிரண்டு விழுந்தால் வீடே ஆரவாரிப்பது ஏன் என்று இப்போது புரியும்.

பரமபதம் போன்ற ஆட்டங்களுக்கு ஆராய்ச்சியின் ஆதரவே உண்டு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களின் நாலைந்து வயதுக் குழந்தைகளோடு செய்த ஆய்வை 2008இல் வெளியிட்டார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை நேர்வரிசையில் எழுதிய பலகையில் காய் நகர்த்தும் விளையாட்டு அது. இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி, இருபது நிமிடம்தான். எண்களை அறிவதிலும், எது பெரியது என்று சொல்வதிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் பூசிய பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு இந்தப் பயன் கிட்டவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, சின்னப் பிள்ளைக்கு நூறு கட்டப் பரமபதம் வேண்டாம். அந்தப் பலகையில் எண்கள் வரிசைக்கு வரிசை திசை மாறிச் செல்வதால் குழப்பமே மிஞ்சும். தரையில் சாக்பீஸால் ஒன்று முதல் பத்து வரை நேராகக் கட்டம் போடுங்கள். இரண்டாவது, காய் நகர்த்தும்போது கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்தில் நிற்கும் காய்க்கு மூன்று விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல் "ஆறு, ஏழு, எட்டு" என்று நகர்த்த வேண்டும். இந்தச் சிறு மாற்றம்தான் ஆட்டத்தைக் கூட்டலாக்குகிறது. பாண்டி ஆடும்போதும் கட்டங்களுக்கு எண் எழுதி, தாவும்போது உரக்கச் சொல்ல வைக்கலாம்.

கையிலிருந்து தாளுக்கு

பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985இல் வந்தது. விற்கும் இடத்தில் வாய்க்கணக்காகக் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதமே சரியாகச் செய்தார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வும் 2025இல் இதையே காட்டியது. மறுபுறம், பள்ளிக்கு மட்டும் போய்ச் சந்தைப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் இருந்தாலும் ஒன்றோடொன்று தானாகச் சேர்வதில்லை.

விளையாட்டுக்கும் இது பொருந்தும். எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லியின் மழலையர் வகுப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளோடு கணக்கு விளையாட்டுகளை ஆடவைத்துச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் குழந்தைகளிடம் நன்றாக வளர்ந்தது, ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் தொடக்கப் பள்ளியில் எண்ணும் குறியுமாக வரும் கணக்கில் அவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை. விளையாட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் பாலம் போடாவிட்டால் இதுதான் நடக்கும்.

அந்தப் பாலத்தை வீட்டிலேயே போடலாம். கடலையை வைத்து எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று கண்டுபிடித்ததும், என்ன செய்தாய் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதைப் படமாக வரையட்டும், புள்ளிகள் போதும். கடைசியில் அதே படத்தின் கீழே 8 + 5 = 13 என்று எழுதட்டும். மறுநாள் தாளில் எழுதியதைக் காட்டி, "இதைக் கடலையில் செஞ்சு காட்டு" என்று திருப்பிக் கேளுங்கள். கையிலிருந்து தாளுக்குப் போகவும், தாளிலிருந்து கைக்கு வரவும் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணக்கு புரிந்திருக்கிறது. பல்லாங்குழியில் யார் எத்தனை காய் ஜெயித்தார்கள் என்று ஒரு நோட்டில் பிள்ளையே எழுதி வைப்பதும் நல்ல பாலம். கடைக்கு அனுப்பும்போது, வாங்கியதையும் மீதியையும் வந்து ஒரு துண்டுத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், செயல்பாடுகள் வழியே கற்பிக்கிறது. வகுப்பில் இந்த வாரம் எந்த எண் வரை போகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டில் அதே எண்களை எடுத்து ஆடினால் இரண்டு பக்க உழைப்பும் ஒன்று சேரும்.

செய்யக் கூடாதவை

"எனக்குக் கணக்கே வராது" என்று பிள்ளை கேட்கும்படி சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவ உட்கார்ந்தால், பிள்ளைகள் கற்பது குறைந்து அச்சம் கூடுவதை அமெரிக்காவில் 2015இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அப்படி அஞ்சுபவர்களுக்கு வீட்டுப்பாடத்தை விடப் பூக் கட்டுவதும் தாயம் ஆடுவதும் நல்ல தொடக்கம்.

தவறான விடை வந்தால் உடனே திருத்த வேண்டாம். "எப்படிக் கண்டுபிடிச்சே, சொல்லு" என்று கேளுங்கள். பாதிப் பிழையைச் சொல்லும்போதே பிள்ளை கண்டுகொள்ளும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து போனால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். வந்தவர் முன்னால் எண் ஒப்பிக்கச் சொல்லி நிறுத்துவதையும் விட்டுவிடலாம்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, கடலை, நாணயம், பொத்தான் எதையும் தராதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு டம்ளர், கரண்டி, மூடி, உருளைக்கிழங்கு போதும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணி நஞ்சுள்ளது. அதை எந்த வயதுப் பிள்ளைக்கும் விளையாடக் கொடுக்கக் கூடாது. பொத்தான் பேட்டரிகளும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

இவை எதற்கும் தனியாகப் பணமோ நேரமோ ஒதுக்க வேண்டியதில்லை. சமைக்கும்போதும் மடிக்கும்போதும் பரிமாறும்போதும் நீங்கள் மனத்துக்குள் போடும் கணக்கைச் சற்று உரக்கப் போட்டால் போதும், பிள்ளை கேட்டுக்கொள்ளும். இன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை தட்டு என்று கேளுங்கள். அது சொன்ன எண்ணை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அவ்வளவுதான், நீங்கள் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிட்டீர்கள்.